மேலே கட்டில் உண்டு. கீழே ஒரு பாய் உண்டா?

ஏற்காட்டுக்கு யார் போனாலும் தங்க இடம் கிடைக்கும்.

கோடை விழா பார்க்கப் போகிறீர்களா? லாட்ஜ் இருக்கிறது. புதுசாகக் கலியாணம் ஆன ஜோடியா? காட்டேஜ் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை படிக்கப் போகிறதா? அதற்கும் கட்டில், கம்பளி, வேளாவேளைக்குச் சாப்பாட்டோடு உறைவிடப் பள்ளி இருக்கிறது. மாண்ட்போர்ட் பள்ளி அங்கே 1917-லேயே தொடங்கிவிட்டது. நூறு வருடத்துக்கு மேலாகக் கீழேயிருந்து ஏறிப் போகிற பிள்ளைகளுக்கு அந்த மலை இடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நல்ல காரியம். குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த மலையிலேயே பிறந்த பிள்ளை ஒன்று, எம்.ஏ., எம்.எஸ்சி., பி.எச்டி. என்று மேல்படிப்புக்காகச் சேலத்துக்கு இறங்கி வந்தால்?

மேலே கட்டில் உண்டு. கீழே ஒரு பாயாவது உண்டா?

இதுதான் இன்று நாம் கேட்கிற கேள்வி.

யார் இந்தப் பிள்ளைகள்?

சேர்வராயன் மலையில் நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வாழவந்தி, வெள்ளக்கடை, தலைச்சோலை என்று ஊர்கள் இருக்கின்றன. படகுத் துறையையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற நம்மவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது.

அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ்தான். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இவர்கள்தான்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். அன்று தொடங்கிய தோட்டம் இன்றும் இருக்கிறது. தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போன அப்பா, அம்மாவின் பிள்ளைகள்தான் இன்று கல்லூரிக்கு வருகிறார்கள்.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டசபைத் தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், மற்றது ஏற்காடு. எம்.எல்.ஏ. நாற்காலி ஒதுக்கியாயிற்று. படிக்கிற பிள்ளைக்குக் கட்டில் ஒதுக்கினோமா?

இருபது வளைவு

"ஏற்காடு என்ன தூரமா? தினமும் பஸ்ஸில் வந்து போகலாமே!" என்பார்கள் சிலர்.

காரில் போய்விட்டு வருகிறவர் பேச்சு அது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி வளைவு. அது ஏற்காடு டவுன் வரைக்கும்தான். அங்கிருந்து தன் கிராமத்துக்கு இன்னொரு பஸ். பஸ் போகாத இடத்துக்குக் கால் நடை. பெரியார் பல்கலைக்கழகமோ சேலத்துக்கு அந்தப் பக்கம் கருப்பூரில், பெங்களூர் ரோட்டில் இருக்கிறது. ஆக, மலை இறங்கி, சேலத்தில் வண்டி மாறி, வகுப்பு முடிந்து, மறுபடி வண்டி மாறி, மலை ஏறி... ஆராய்ச்சிக் கூடத்தில் சாயந்தரம் ஆறு மணிக்குப் பரிசோதனை முடிந்தால் அந்தப் பெண் எந்த வண்டியைப் பிடிப்பாள்?

மழைக்காலம் என்றால் அதுவும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்து நின்றது. அப்போது பரீட்சை இருந்தவர்கள் என்ன செய்வார்கள்?

தினமும் வந்து போகிற படிப்பல்ல இது. கீழேயே தங்கித்தான் படிக்க வேண்டும்.

ஏணி எங்கே ஒடிகிறது?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பள்ளிக்கூடத்துக்கு மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி உண்டு. சாப்பாடும் படுக்கையும் அங்கேயே.

கல்லூரிக்குப் போனால், அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அந்த ஆயிரம் உதவியது. வங்கிக் கணக்கிலேயே வந்து விழுந்தது. அப்பாவிடம் கைநீட்ட வேண்டாம் என்ற தைரியம் அந்தப் பிள்ளைகளுக்கு வந்தது.

ஆனால் அந்தத் திட்டங்களை எழுதியபோது, முதல் பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. வரைக்கும்தான் என்று எழுதினார்கள். பி.ஏ. முடிந்தது. ஆயிரமும் முடிந்தது. எம்.ஏ. சேர்ந்தால் அது கிடையாது.

ஏணி இங்கேதான் ஒடிகிறது. பத்துப் படி ஏற்றிவிட்டுப் பதினோராவது படியில் கையை விடுகிறோம். கீழ்ப்படியில் விழுந்தால் சிராய்ப்பு. மேல்படியில் விழுந்தால்?

எம்.ஏ. முடிந்து பி.எச்டி. என்றால், யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். வாங்கியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. விடுதியில் இடம் இல்லாதவருக்கு வாடகைப் படியும் தனியாக உண்டு. ராஜயோகம்தான்! ஆனால் அது நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர் எழுதி, சிலர் மட்டும் வாங்குகிற பரிசு.

பழங்குடி ஆராய்ச்சி மாணவருக்கு மத்திய அரசின் தனி உதவித்தொகை இருக்கிறது. வருடத்துக்கு 750 பேருக்கு. தமிழ்நாட்டுக்கு மட்டும் 750 என்று நினைத்தீர்களா? இந்தியா முழுவதற்கும் 750. 2011 கணக்குப்படி இந்தியாவில் பழங்குடி மக்கள் 10 கோடிக்கு மேல்!

தமிழ்நாடு அரசு 2023-ல் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று மாதம் 25,000 ரூபாய்க்குத் தேர்வு வைத்தது. அது 120 பேருக்கு.

மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் வாங்காமல் பி.எச்டி. சேர்ந்தவருக்கும் மாதம் 8,000 உண்டு. கருப்பூரில் இருப்பதோ மாநிலப் பல்கலைக்கழகம். அந்த எட்டாயிரம் இங்கே கிடையாது. மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அதைக் கொடுங்கள் என்று 2015-ல் டில்லி யு.ஜி.சி. வாசலில் மாணவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். அந்தக் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் முழுநேரமாக பி.எச்டி. செய்தால் தமிழ்நாடு அரசு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கிறது. முன்பு 50,000-ஆக இருந்ததை இரட்டிப்பாக்கினார்கள். பாராட்டுவோம்.

ஒரு லட்சம் என்றால் காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதம் 8,333 ரூபாய்.

கடைக்கணக்கு எழுதுகிற நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் போடுவோம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்த அறையில் ஒரு பங்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 4,000 என்று வைப்போம். பஸ், போன், ஜெராக்ஸ், சோப்பு, சீப்பு, ஒரு காய்ச்சல் மாத்திரை எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 8,500.

ஊக்கத்தொகை கையில் இருக்கும்போதே மாதம் 167 ரூபாய் துண்டு விழுகிறது. இதில் அறைக்கு அட்வான்ஸ் சேரவில்லை. பல்கலைக்கழகக் கட்டணம் சேரவில்லை. ஆய்வேட்டை டைப் அடித்து பைண்டிங் போடுகிற செலவு சேரவில்லை. வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பவில்லை.

இது உதவி கிடைக்கிற பி.எச்டி. மாணவரின் கதை. எம்.ஏ. படிக்கிற பெண்ணுக்கு இந்த 8,333-ம் இல்லை.

விடுதி இருக்கிறதே!

இருக்கிறது. பல்கலைக்கழக வளாகத்தில் விடுதி இருக்கிறது. அரசு விடுதிகளும் இருக்கின்றன. தமிழ்நாடு முழுவதும் 2,700-க்கு மேல் இருந்த மாணவர் விடுதிகளுக்கு 2025 ஜூலையில் "சமூகநீதி விடுதி" என்று அரசு பெயர் சூட்டியது. நல்ல பெயர். பெயர்ப் பலகை மாட்டியாயிற்று. உள்ளே?

இந்த விடுதிகளில் கல்லூரி மாணவருக்குச் சாப்பாட்டுச் செலவாக மாதம் 1,100 ரூபாய் இருந்தது. 2023-ல் 1,500 ஆக்கினார்கள். நாளைக்கு 50 ரூபாய். காலை, மதியம், இரவு மூன்று வேளைக்கும் சேர்த்து! பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு டீ, இரண்டு வடை, ஒரு பன் சாப்பிட்டுவிட்டு பர்ஸைத் தொட்டுப் பாருங்கள். புரியும்.

இன்னொன்று. பள்ளிப் பிள்ளைக்கும் பி.ஏ. பிள்ளைக்கும் கோடை லீவு உண்டு. ஆராய்ச்சிக்கு லீவு கிடையாது. யு.ஜி.சி. 2022-ல் போட்ட விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று வருடம். ஆறு வருடம் வரை போகலாம். பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. படிக்க எட்டு வருடம் வரை கொடுக்கிற விதி, தங்க எத்தனை வருடம் கொடுக்கிறது? மே மாதம் விடுதியைப் பூட்டினால் ஆராய்ச்சி மாணவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆராய்ச்சி என்றால், செடி ஜூன் வரை காத்திருக்குமா?

வேலைக்குப் போகிற பெண்களுக்காக அரசு தோழி விடுதிகளைக் கட்டியது. சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கே நல்ல இடம் வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியது சரிதான். சம்பளமே இல்லாத பெண்ணுக்கு அது இன்னும் அதிகம் வேண்டாமா?

வாசலில் நடக்கிற பேச்சு

விடுதியில் இடம் இல்லாவிட்டால் வாடகை வீடு. அங்கே நடக்கிற பேச்சு நமக்குத் தெரியாததா?

"எந்த ஊரும்மா?"

"ஏற்காடு பக்கங்க. மலைக்கு மேல."

"வேலைக்குப் போறியா?"

"இல்லீங்க. யுனிவர்சிட்டியில ரிசர்ச் பண்றேன்."

"அப்படின்னா சம்பளம் வருமா?"

"ஸ்காலர்ஷிப் வருங்க."

"மாசாமாசம் வருமா?"

பெண் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மா கதவைச் சாத்திவிட்டார்.

வீட்டுக்காரம்மாவைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவர் கேட்ட கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி. மாசாமாசம் வருமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம்.

மளிகைக் கடைக்காரர் மாதக் கணக்கு முடிக்கிறார். மெஸ்காரர் முதல் தேதி பணம் கேட்கிறார். உதவித்தொகை மட்டும், சான்றிதழ் சரிபார்த்து, கோப்பு நகர்ந்து, நிதி ஒதுக்கி, ஆறேழு மாதம் கழித்து மொத்தமாக வந்தால் யாருக்கு என்ன லாபம்? அதற்குள் அந்தப் பிள்ளை வட்டிக்கு வாங்கியிருக்கும். அல்லது படிப்பை விட்டிருக்கும்.

இது சின்ன விஷயம் அல்ல. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ரோகித் வெமுலாவை நாடு மறக்கவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தில் கூடாரம் போட்டுப் படுத்திருந்தார். 2016 ஜனவரி 17-ல் அவர் உயிர் போனபோது ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், அவருக்கு வர வேண்டியிருந்தது. அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் பணம் வராததும் படுக்க இடம் இல்லாததும் அதில் இருந்தன என்பதை யாரும் மறுக்க முடியாது.

கலிபோர்னியாவிலும் இதே கதை

"இது ஏழை நாட்டுக் கதை" என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாடம் எடுத்துக்கொண்டே பி.எச்டி. படிக்கிற மாணவர்களும் இளம் ஆராய்ச்சியாளர்களும்தான். காரணம் என்ன? வாங்குகிற தொகையில் பெரும்பங்கு வாடகைக்கே போகிறது என்பதுதான். வாரக்கணக்கில் நின்றார்கள். தொகையை உயர்த்தி வாங்கினார்கள்.

அங்கே 48,000 பேர் தெருவில் நின்றார்கள். இங்கே மலையிலிருந்து வருகிற பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. கோஷம் போட்டால்கூடக் கேட்காது. அதனால்தான் நாம் எழுதுகிறோம்.

பேப்பரில் பெயர் வந்தால் மட்டும்தானா?

2025-ல் கல்வராயன் மலை கருமந்துறைப் பக்கத்து மலையாளி மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம்பெற்றார். ஊரே கொண்டாடியது. படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். மனம் குளிர்ந்தது.

ஆனால் எல்லோரும் ஐ.ஐ.டி.க்குப் போவதில்லை. எம்.ஏ. தமிழ் படிக்கிற பெண் இருக்கிறாள். எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிற பையன் இருக்கிறான். தங்கள் மலையின் செடியையும் பேச்சையும் பாட்டையும் ஆராய்ச்சி செய்ய அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அவர்கள் பெயர் பேப்பரில் வராது. பேப்பரில் வராததால் உதவியும் வராதா?

"எம்.ஏ. படித்து என்ன ஆகப்போகிறது? அதற்கு ஊர்ப்பணம் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலையில் பழங்குடியினருக்கு ஒரு சதவீத இடம் உண்டு. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நெட், செட் அல்லது பி.எச்டி. வேண்டும். இடத்தை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் வந்து உட்காருகிற தகுதியைப் பெறவிடாமல் செய்தால், ஒதுக்கியது எதற்கு? பந்தியில் இலை போட்டு, வாசலைச் சாத்துகிற கதைதான்.

"பாங்கில் கடன் வாங்கலாமே" என்பது இன்னொரு யோசனை. என்ஜினீயரிங் பையன் வேலை கிடைத்ததும் கட்டிவிடுவான். ஆறு வருடம் ஆராய்ச்சி செய்கிற பெண் எப்போது கட்டத் தொடங்குவாள்? தோட்டக் கூலியில் அவள் அப்பா கட்டுவாரா?

என்ன செய்ய வேண்டும்?

கோடி கோடியாகக் கேட்கவில்லை. ஐந்தே காரியம்.

ஒன்று: மாதம் ஆயிரம் உதவியை எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். வரை நீட்டுங்கள். முதலில் பழங்குடி மாணவர்களுக்காவது நீட்டுங்கள்.

இரண்டு: சேலத்தில் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று வருடம் முழுவதும் திறந்திருக்கிற விடுதி ஒன்று வேண்டும். பெண்களுக்குத் தனியாக ஒன்று. புதுக் கட்டடம் தாமதமாகும் என்றால் வாடகைக் கட்டடத்தில் தொடங்குங்கள். ஏற்காடு, கல்வராயன், கொல்லிமலைப் பிள்ளைகளுக்கு அதில் நிச்சய இடம் வேண்டும்.

மூன்று: ஆய்வேட்டைக் கொடுக்கும் நாள் வரை அறை அவர்களுடையது என்று எழுதிக் கொடுங்கள். "வருடம் முடிந்தது, காலி பண்ணு" என்ற பேச்சு கூடாது.

நான்கு: ஊக்கத்தொகையைப் பன்னிரண்டு பங்காக்கி, மாதம் பத்தாம் தேதிக்குள் கணக்கில் போடுங்கள். அரசு ஊழியர் சம்பளம் தேதி தவறுவதில்லை. மாணவர் பணம் மட்டும் ஏன் தவற வேண்டும்?

ஐந்து: பழங்குடிச் சாதிச் சான்றிதழை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். அதற்காக மலையிலிருந்து எத்தனை தடவை இறங்குவது? வருடம் ஒருமுறை ஜூன் மாதம் அதிகாரிகள் மேலே ஏறட்டும். ஏற்காட்டிலேயே இரண்டு நாள் முகாம் போட்டு, சான்றிதழ், வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் மூன்றையும் அங்கேயே முடிக்கட்டும். கோடை விழாவுக்கு ஏறுகிற ஜீப் இதற்கும் ஏறும்!

நமக்கும் ஒரு வேலை

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் டீ குடிக்கப் போகக் கூடாது.

கருப்பூர், ஜங்ஷன், ஐந்து ரோடு பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர்களே! மலைப்பிள்ளை ஒன்று வந்து நின்றால், சாதியையும் சம்பளத்தையும் கேட்பதற்கு முன்னால் என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். பத்து மாத அட்வான்சை இரண்டு மாதமாகக் குறையுங்கள். ஹாஸ்டல் நடத்துகிறவர்கள் ஜி.எஸ்.டி.யைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். தொடர்ந்து 90 நாள் தங்குகிறவருக்கு, தலைக்கு மாதம் 20,000 ரூபாய் வரையிலான வாடகைக்கு வரி இல்லை என்று 2024 ஜூன் ஜி.எஸ்.டி. கவுன்சிலிலேயே முடிவாகிவிட்டது.

நாம் ஒவ்வொரு கோடையிலும் ஏற்காடு போகிறோம். அங்கே நமக்கு வெயில் தணிகிறது. அவர்கள் விளைவித்த காபியைக் குடிக்கிறோம், மிளகை வாங்குகிறோம், ஆரஞ்சை உரித்துத் தின்கிறோம். அவர்கள் மலையில் நமக்கு இடம் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவர்கள் பிள்ளை நம் ஊருக்குப் புத்தகப் பையோடு வந்து நிற்கிறது. நாம் மட்டும் "இடம் இல்லை" என்று சொல்லலாமா?

வரும் ஜூனில் கல்லூரிகள் திறக்கும். கலெக்டரும் பல்கலைக்கழகமும் பழங்குடியினர் நலத்துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்து அதற்குள் பேச வேண்டும். ஒரு மணி நேரம் போதும்.

கட்டில்கூட வேண்டாம். முதலில் ஒரு பாய் விரியுங்கள். மற்றதை அந்தப் பிள்ளை படித்துப் பார்த்துக்கொள்ளும்!